பிளகின் பிரளயத்தில் நிமித்தகாரணன் யார்? துணுக்காயை முன்வைத்து ஓர் ஆய்வு

எக்காரியமும் மூன்று காரணமின்றி நிகழாது என்பது சைவசித்தாந்தம். முதற்காரணம், துணைக்காரணம், நிமித்தகாரணம் ஆகிய மூன்றையும் விளக்க நம்மவர் எடுத்தாளும் குடம் பள்ளிக்கூடத்துச் சமயபாட வகுப்பிலேயே உடைந்துபோய்விட்டபடியால், இக்கட்டுரை வேறொரு காரியத்தை எடுத்துக்கொள்கிறது. அது, துணுக்காய்ப் பக்கத்துக் கோயிலொன்றின் இணையத்தளம் கொடியேற்றத்துக்கு முதல்நாள் விழுந்துபோனமை.

ஆய்வுக்களம் பற்றிச் சிறிது. ஏ9 வீதியில் மாங்குளத்தில் மேற்கே திரும்பினால், மல்லாவியோடு ஒட்டிக்கிடப்பது துணுக்காய். கோயில் இங்கே. சேர்வர் எங்கேயோ. அதற்குக் காசு கட்டுகிறவர் ரொறன்ரோவில். தளத்தைப் பார்க்கிறவர்களும் அவ்விடத்தவரே; உள்ளூரார் திருவிழாவைத் திருவிழாவிலேயே பார்த்துக்கொள்வார்கள். தளத்துக்குப் பொறுப்பு மல்லாவியில் ஃபோட்டோக்கொப்பிக் கடையில் நிற்கும் பெடியன். சம்பளம் இல்லை, ஆனால் பொறுப்பு உண்டு. நமது நிறுவனங்களில் இது புதிய ஏற்பாடு அல்ல.

விசாரணைக் குறிப்பு வருமாறு:

"தம்பி, நீ என்னத்தை அமத்தினனீ?"

"அப்டேற் எண்டு சிவப்பா ஒண்டு கிடந்தது ஐயா. அமத்தினன்."

"ஆர் உன்னை அமத்தச் சொன்னது?"

பூர்வபக்கத்தாரின் வாதம் முழுவதும் இம்மூன்று வரிக்குள் அடங்கும். கடைசியாகத் தொட்டவன் எவனோ அவனே கர்த்தா. இக்கொள்கைக்கு வவுனிக்குளத்து நீர் பாயும் வயல்வெளியிலும் ஆதரவாளர் உண்டு. வாய்க்காலை வருஷக்கணக்காகத் துப்புரவாக்காமல் விட்டவர்கள் வரம்பில் நிற்க, துருசைத் திறந்தவன் பேச்சு வாங்குவான்.

இனிச் சித்தாந்தம். வேர்ட்பிரஸ் தளங்களும் அவற்றில் பூட்டும் பிளகின்களும் எழுதப்படுவது பி.எச்.பி. மொழியில். 2015 முதல் ஒவ்வோர் ஆண்டுக் கடைசியிலும் அம்மொழிக்குப் புதிய பதிப்பொன்று பிறக்கிறது. பழையது சில ஆண்டுகளில் ஆதரவிழக்கிறது. (5க்கு அடுத்தது 7. எழுத்துமுறை அனைத்தையும் யுனிகோட்டில் உள்வாங்க நினைத்த 6 கருவிலேயே கலைந்தது. புத்தகம் போட்டவர்கள் மட்டும் முந்திவிட்டார்கள்.) நமது கோயிற்றளம் குடியிருந்த சேர்வரில் ஓடியது 5.6. அதற்குரிய ஆதரவு 2018 டிசம்பர் 31இல் முடிந்துபோயிற்று. 2023 ஆகஸ்டில் வந்த 6.3 பதிப்போடு வேர்ட்பிரஸும் அதைக் கைகழுவியது. சேர்வருக்கு இச்செய்தி எட்டவில்லை.

பெடியன் அமத்திய அப்டேற்றில் இறங்கிய பிளகினின் ஒரு வரியில் இரண்டு கேள்விக்குறிகள் அடுத்தடுத்து நின்றன. 'இது இல்லாவிட்டால் அதை எடு' என்பதற்கான குறி அது, 7.0இல்தான் மொழிக்குள் வந்தது. 5.6 முதலாம் கேள்விக்குறியைப் பழைய வழக்கப்படி ஏற்றுக்கொண்டது. இரண்டாவதைக் கண்டதும் 'எதிர்பாராத கேள்விக்குறி' என்று வரி இலக்கத்தோடு பதிவேட்டில் எழுதிவிட்டு நின்றுவிட்டது. மேலதிகக் கேள்வி கேட்டால் வேலையை நிறுத்தும் இயல்பை அரச அலுவலகங்களில் மட்டும் கண்டிருந்தோம்.

2019 மே மாதத்தில் வந்த 5.2 பதிப்பு முதல், இப்படியான வேளையில் வேர்ட்பிரஸ் நிருவாகிக்கு ஈமெயில் ஒன்று போடும். எந்தப் பிளகினால் பிழை வந்தது என்பதும், அதை இடைநிறுத்தி உள்ளே போக வழியும் அதில் இருக்கும். போட்டது. ஆனால் அந்த ஈமெயில் முகவரி தளத்தை முதலில் கட்டிய வேறொரு பெடியனுடையது. அவர் இப்போது பிரான்சில் இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன்.

ஆகவே, பிளகினின் நிரற்றொடர் முதற்காரணம். தனக்கு வேண்டிய பி.எச்.பி. பதிப்பைக் கோப்பின் தலைப்பில் ஒரு வரியாக எழுதியிருந்தால் வேர்ட்பிரஸே வாசலில் மறித்திருக்கும்; அதை எழுதாத ஆசிரியரின் மறதி துணைக்காரணம். நிமித்தகாரணம் அறிவுடைப் பொருளாய் இருத்தல் வேண்டும் என்பதால் சேர்வர் தப்பிக்கிறது. எஞ்சுகிறவர் ரொறன்ரோக்காரர்.

ஒன்றுமே செய்யாதவர் எவ்வாறு கர்த்தாவாவார் எனின், கூறுதும். அவர் ஆண்டுதோறும் காசைக் கட்டி அதே பழைய பதிப்பைப் புதுப்பித்தார். பதிப்பை மாற்றச் சொல்லி வாடகைக்கு விட்ட நிறுவனம் அனுப்பிய கடிதங்களை விளம்பரமென்று நீக்கினார். இவையும் செயல்களே. பேச்சு மட்டும் அவருக்கு விழாது, ஏனெனில் மணிமண்டபம் அவருடைய உபயம்.

பரிகாரம் சிறியது. ஹோஸ்டிங் கணக்கின் கோப்பு மேலாளரில் பிளகின்கள் கிடக்கும் கோப்புறைக்குள் போய், குற்றவாளியின் கோப்புறைப் பெயருக்குப் பின்னால் ஓர் எழுத்தைச் சேர்த்துவிட்டால் போதும்; வேர்ட்பிரஸ் அதைக் காணாமல் இடைநிறுத்திவிடும், தளம் எழும்பும். பிறகு ஆறுதலாகப் பிரதியெடுத்து வைத்துவிட்டுப் பி.எச்.பி. பதிப்பை உயர்த்தலாம். ஆறுதலாக என்பதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நேரே 8க்குத் தாவினால், அப்பதிப்பு நீக்கிவிட்ட பழைய கட்டளைகளில் எழுதப்பட்ட வேறு பிளகின்கள் விழும். அப்போதும் கேள்வி பெடியனிடமே வரும்.

பெடியனுக்கு இவ்வளவும் தெரியும். கணக்கின் கடவுச்சொல் ரொறன்ரோவில் இருந்தது. இங்கே காலை ஒன்பதரை, அங்கே நடுச்சாமம். எழுப்பலாமா என்று நிருவாகசபை கூடி ஆராய்ந்து முடிக்கையில் கொடி ஏறிவிட்டது.

தளம் எழும்பியது தேருக்குப் பிறகு. அதன்பின் கூடிய பொதுக்கூட்டத்தின் தீர்மானங்கள் இவ்வாய்வுக்கு அரிய சான்று. ஒன்று, இனி எவரும் அப்டேற் எதையும் அமத்தக்கூடாது. இரண்டு, பெடியனின் கடவுச்சொல் செயலாளரின் லாச்சிக்குள் இருக்கும். மூன்று, பழைய சேர்வரை அதே விலையில் இன்னும் மூன்று ஆண்டுகளுக்குப் புதுப்பித்துத் தந்த அன்பருக்குப் பொன்னாடை போர்ப்பது.