தம்பானூர் டேப்லெட் அண்ணாச்சி

வண்டிக்கு மூன்று மணி நேரம் முன்னதாகவே வந்து பெட்டியின்மேல் தவமிருப்பவர்களையும், வண்டி நகர்ந்த பிறகே ஓடிவருவதை விரதமாகக் கொண்டவர்களையும், வழியனுப்ப வந்த இடத்தில் பேச்சு சுவாரஸ்யத்தில் அடுத்த ஸ்டேஷன்வரை போய்விடுகிறவர்களையும் நாம் வெகுகாலமாக அறிவோம்; ஆனால் திருவனந்தபுரத்துத் தம்பானூரில், 1931-இல் திறக்கப்பட்ட அந்த ரயில் நிலையக் கல் கட்டடத்தின் முகப்பில், பத்து அங்குல டேப்லெட் ஒன்றை மார்போடு அணைத்தபடி நிற்கும் நாஞ்சில் நாட்டுப் பெரியவர் சமீப காலத்துச் சிருஷ்டி. எந்த நாளில் போனாலும் இவரைப் போல இரண்டு மூன்று பேர் தென்படுவார்களாதலால், சௌகரியத்தை உத்தேசித்து அனைவரையும் சேர்த்து அண்ணாச்சி என்றே அழைப்போம்.

அண்ணாச்சியின் டேப்லெட், பெங்களூரில் உத்தியோகம் பார்க்கும் மகன் புதியது வாங்கியபோது அப்பாவுக்கு இறங்கிவந்த பூர்விக சொத்து. ஆனாலும் அவருடைய ஞானம் அதற்கும் முற்பட்டது. 2011 அக்டோபரில் இந்திய அரசாங்கம் மாணவர்களுக்கென்று ‘ஆகாஷ்’ என்ற மலிவு விலை டேப்லெட்டை வெளியிட்டதல்லவா? விரலால் வருடினால் அசையாமல், கட்டை விரலால் அழுத்தினால் மட்டுமே ஆலோசித்துப் பதில் சொல்லும் அந்த ஏழு அங்குல அவதாரம் ஒன்றை எங்கிருந்தோ சம்பாதித்து அதில்தான் அவர் அட்சராப்பியாசம் செய்தார். ஆகவே இன்றைய நயமான கண்ணாடியையும் அவர் தொடுவதில்லை, மாவு பிசைவதுபோல் பிசைகிறார்.

ஒரு பொருளிடமிருந்து எவ்வளவு ஊழியம் வாங்கலாமோ அவ்வளவும் வாங்குவதில் அண்ணாச்சிக்கு ஈடில்லை. திரையை இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியில் வண்டி எங்கே வருகிறதென்றும், மறு பாதியில் ராகுகாலம் எப்போது முடிகிறதென்றும் ஏககாலத்தில் பார்ப்பார். எதிரே கே.எஸ்.ஆர்.டி.சி. நிலையத்தில் நிற்கும் பஸ்களின் மலையாளப் பலகைகளைக் கேமராவால் படம் பிடித்துத் தமிழில் படித்துக்கொள்வார். (1956 நவம்பர் 1-ஆம் தேதி குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்வதற்குமுன் திருவிதாங்கூர்ப் பள்ளியில் படித்த அவர் தகப்பனாருக்கு இந்தக் கேமரா தேவைப்பட்டதில்லை.) மழைச்சாரலில் அது குடை; புழுக்கத்தில் விசிறி; இரண்டு பழம்பொரிகளைத் தாங்கும் தாம்பாளமாகவும் அதை உபயோகித்ததுண்டு.

ஆயினும் அவருடைய மேதை பரிபூரணமாகப் பிரகாசிப்பது, ஏதேனும் ஒரு சேவை வேலை செய்ய மறுக்கும்போதுதான். டேப்லெட்டில் சிம் கிடையாது. நிலையத்து வைஃபையில் நுழையச் செல்பேசிக்கு ஓடிபி வரவேண்டும். அதற்காகவே சட்டைப் பையில் பொத்தான் வைத்த பழைய போன் ஒன்று சதா விழித்திருக்கிறது. முன்பதிவில்லாத டிக்கெட்டைக் காகிதமின்றிச் செயலியில் எடுக்க விரும்புகிறவர் தண்டவாளத்தை விட்டுச் சற்று விலகி நின்றுதான் எடுக்கவேண்டும் என்பது விதி. பரிசோதகரின் தலையைக் கண்ட பிறகு வாங்கிக்கொள்ளும் புண்ணியவான்களைத் தடுப்பது அதன் நோக்கம். எனவே, டிக்கெட் வாங்கும் பொருட்டு ரயில் நிலையத்திலிருந்து வெளியேறி, சாலையைக் கடந்து, கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் செங்கல்லில் சுருள் கோபுரமாக எழுப்பிய காபி ஹவுஸை நோக்கி அண்ணாச்சி கம்பீரமாக நடந்து செல்வார். சுவரில் ஒட்டியிருக்கும் க்யூஆர் கட்டத்தைப் படமெடுத்தால் நிலையத்துக்குள்ளேயே வாங்கலாம் என்பதை அவர் அறியாதவரல்லர். அறிந்தும் செய்யாததற்குக் காரணம், அந்த மார்க்கத்தில் காபி இல்லை.

தட்கல் வேளையில் அந்தக் காபி ஹவுஸில் அவரைத் தரிசிப்பது விசேஷம். குளிர்சாதனப் பெட்டிக்குக் காலை பத்து மணி, சாதாரணப் படுக்கைக்குப் பதினொன்று. முதல் அரைமணி நேரம் ஏஜெண்டுகளுக்கு அனுமதியில்லை. 2025 ஜூலை முதல் ஆதார் ஓடிபியும் கட்டாயம். பதினொன்று அடித்ததும் திரையில் சக்கரம் சுழல ஆரம்பிக்கும். பக்கத்து மேஜைப் பையன் பதறுவான்.

“அண்ணாச்சி, ஓடிபி இன்னும் வரல்லியே!”

“வராது மக்கா. நீ கேட்டதும் வந்தா அதுக்கு என்ன மரியாதை? மறுபடி மறுபடி அமுக்காத, பழைய நம்பரும் புது நம்பரும் கலந்து வந்து ஒண்ணும் செல்லாமப் போவும். கடைசியா வந்ததை மட்டும் போடு. இப்பம் அந்தக் காப்பியக் குடி.”

இந்த உபதேசம் சரியான உபதேசம் என்பதை நான் ஒப்புக்கொண்டேயாக வேண்டும். பையனுக்குக் காத்திருப்போர் பட்டியலில் இடம் கிடைக்கும். அண்ணாச்சிக்குச் சிஷ்யன் கிடைப்பான்.

நவம்பர் மாதம் வந்துவிட்டால் அவருடைய கீர்த்தி பன்மடங்காகும். ஓய்வூதியக்காரர்கள் தாம் உயிரோடிருப்பதை ருசுப்படுத்த வேண்டிய மாதமல்லவா அது? 2014-இல் வந்த ‘ஜீவன் பிரமாண்’ திட்டத்தில் முதலில் ரேகை வைக்கவேண்டியிருந்தது. நாற்பது வருஷம் கோப்புப் புரட்டித் தேய்ந்த விரல்களில் ரேகையைத் தேடி இயந்திரம் களைத்தது. 2021-இல் முகத்தைக் காட்டினால் போதுமென்றார்கள். கண்ணை இமைக்கவும் வேண்டும். பென்ஷன்தாரர்களை வெளிச்சம் பார்த்து வரிசையாக நிறுத்தி, டேப்லெட்டை உயர்த்திப் பிடித்து, “கண்ணாடியக் கழத்துங்கோ, இமைங்கோ, சிரிக்காதீங்கோ” என்று கட்டளையிடும் அண்ணாச்சியின் முகத்தில் சித்திரகுப்தனுக்கே உரிய நிதானம் குடிகொள்ளும். ஏற்றுக்கொள்ளப்பட்டவர்கள் வெகுநேரம்வரை சந்தோஷமாக இருப்பார்கள். நிராகரிக்கப்பட்டவர்களுக்கும் அவர் ஆறுதல் சொல்லி, அந்த நிராகரிப்பை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துத் தேதிவாரியாகச் சேமித்துக்கொள்வார். அந்தச் சேமிப்பை அவர் யாருக்கும் அனுப்பியதாகத் தெரியவில்லை. ஆனால் டேப்லெட்டில் உள்ள இடமெல்லாம் அதற்கே போதவில்லை.

சென்ற மாதம் ஒரு நாள், வைஃபை ஒரே முயற்சியில் திறந்தது. ஓடிபி கேட்ட மாத்திரத்தில் வந்தது. பணம் போயிற்று, டிக்கெட்டும் வந்துவிட்டது. அண்ணாச்சியின் முகம் வெளுத்தது. டேப்லெட்டை அணைத்து மறுபடி உயிர்ப்பித்துப் பார்த்தார். டிக்கெட் அப்படியே இருந்தது. ஏதோ மோசடி என்று தீர்மானித்து, கவுண்டர் வரிசையில் அரைமணி நேரம் நின்று, குமாஸ்தாவிடம் திரையைக் காட்டி விசாரித்தார்.

“இது சரியாணு சாரே,” என்றார் அவர்.

“சரிதான். எதுக்கும் நாகர்கோவிலுக்கு ஒரு காகித டிக்கெட்டும் தாருங்கோ,” என்றார் அண்ணாச்சி.