அழுத்தியல்: வீட்டு எஸ்பிரெஸோவில் தூள் இடுதலும் இறுக்குதலும் பற்றிய ஓர் ஆய்வு

பாயிரம்

நூலுக்கு முன் அதன் பயன், எல்லை, கேட்போர் ஆகியவற்றைச் சொல்லிவிடுவது மரபு. இந்நூலின் பயன்: 58 மில்லிமீட்டர் விட்டமுள்ள பாஸ்கெட் என்னும் சல்லடைக் கிண்ணத்தில் 18 கிராம் காபித் தூளை இட்டு, காலைதோறும் ஒரே சுவை வரச் செய்தல். எல்லை: கிரைண்டரின் வாயில் தொடங்கி, அக்கிண்ணத்தை ஏந்தும் போர்ட்டாஃபில்டர் மெஷினில் பூட்டிக்கொள்ளும் 'கடக்' என்ற ஓசையில் முடிவது. கேட்போர்: கொட்டை அதே, மெஷின் அதே, கையும் அதே என்றிருக்க, நேற்று தேனாக இறங்கிய ஷாட் (ஒருமுறை வடிக்கும் எஸ்பிரெஸோ) இன்று ஏன் தண்ணீராகப் பாய்ந்தது என்று அடுக்களையில் நின்று யோசிப்போர். அவ்வீட்டில் உள்ள மற்றவர்கள் இந்நூலைக் கேட்க உரியவர் அல்லர். அவர்கள் ஏற்கெனவே போதுமான அளவு கேட்டுவிட்டனர்.

துணிபு

டேம்ப்பரைக் கொண்டு தூளை இறுக்கும் விசையே ஒரு ஷாட்டின் தலைவிதி என்பது பரவலான நம்பிக்கை. அவ்விதியை எழுதுவோர் வரிசையில் விசைக்குக் கடைசி நாற்காலிதான் என்பதும், கடைசி நாற்காலியில் இருப்பவருக்கே மாலைகள் அனைத்தும் விழுகின்றன என்பதும் இவ்வாய்வின் துணிபு.

முன்னோர் மொழிந்தவை

1884இல் டுரின் நகரத்து ஆஞ்சலோ மோரியோண்டோ நீராவியைக் கொண்டு காபி வடிக்கும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அது மொத்தமாக வடித்தது. கோப்பை கோப்பையாக வடிக்கும் வழிக்கு 1901இல் மிலானின் லூயிஜி பெட்ஸேரா காப்புரிமை கோரினார். தூளை இட்டுக் கைப்பிடியால் பூட்டும் போர்ட்டாஃபில்டர் அவ்வழியில் வந்தது. ஆளாளுக்குக் காபி வேறுபடும் தொல்லையும் உடன் வந்தது. அதே மிலானில் 1938இல் காப்புரிமை கோரிய அக்கில்லே காஜா, போருக்குப் பின் நீராவியை ஓரங்கட்டிவிட்டு நெம்புகோலையும் பிஸ்டனையும் கொண்டுவந்தார். அழுத்தம் பன்மடங்கு ஏறியது. காபியின் தலையில் க்ரேமா என்னும் பொன்னிற நுரை கட்டியது. 1961இல் எர்னெஸ்டோ வலெந்தேயின் ஃபேமா நிறுவனம், மின்பம்பு 9 பார் அழுத்தம் தரும் ஈ-61 என்ற மெஷினை வெளியிட்டது. அவ்வாண்டு நிகழ்ந்த சூரிய கிரகணத்தின் நினைவாக அதற்கு அப்பெயர். கிரகணத்தின்போது அடுப்பே மூட்டாத நம்மவர்க்கு இது உறுத்தலாம். ஆயினும் வரலாறு வரலாறே.

இத்தாலியர் வகுத்த பழைய இலக்கணம் எளியது: 7 கிராம் தூள், 9 பார் அழுத்தம், 25 விநாடி, 25 மில்லிலிட்டர் காபி. இன்றைய வீட்டு ஆய்வாளர் 18 கிராம் இட்டு, 25 முதல் 30 விநாடிக்குள் 36 கிராம் எடுக்கிறார். இரு தரப்பிலும் விநாடிக் கணக்கு ஏறக்குறைய ஒன்றே என்பது நோக்கத்தக்கது. விநாடிக்கு இங்கே ஏன் இத்தனை மதிப்பு?

விடை சொன்னவர் காபிக்காரர் அல்லர். பிரான்சின் டிஜோன் நகரத்துக்குக் குடிநீர் கொண்டுவந்த பொறியாளர் ஹென்றி டார்சி, மணற்படுகை வழியே நீர் எவ்வளவு வேகமாக இறங்கும் என்று அளந்து 1856இல் ஒரு விதி வகுத்தார். அழுத்தம் கூடினால் வேகம் கூடும். படுகை தடித்தால் வேகம் குறையும். மற்றதெல்லாம் படுகை நீரைப் புகவிடும் இயல்பைப் பொறுத்தது. காபித் தூளும் ஒரு படுகையே. டார்சி 1858இல் காலமானார். எஸ்பிரெஸோவைக் காணாமலே அதற்கு விதி எழுதிய அவரை இத்துறையின் ஆதி ஆசிரியராகக் கொள்வதில் தவறில்லை.

அளவியல்

படுகையின் தடிப்பைத் தீர்மானிப்பது தூளின் எடை. ஆகவே முதல் இயல் தராசு. இங்கே கரண்டியர் என்றொரு கூட்டத்தார் எழுந்து, "ஒரு கரண்டி என்றால் ஒரு கரண்டி" என்பர். அஃது அற்றன்று. கறுக்க வறுத்த கொட்டை உப்பி எடை குறைந்திருக்கும், இளவறுவல் கனத்திருக்கும். அப்போதே அரைத்த தூள் பஞ்சுபோல் எழும்பி நிற்கும். ஆறிய தூள் அமர்ந்துவிடும். கரண்டி அளப்பது பருமனை. பாஸ்கெட் கேட்பது எடையை. 0.1 கிராம் வரை காட்டும் தராசு ஒன்றே இவ்வழக்கைத் தீர்க்கும். பவுன் நிறுப்பதற்கு நகைக்கடையில் எடுக்கும் மூச்சை ஆய்வாளர் இங்கேயும் பிடித்துக்கொள்வார். பொருளின் விலையைப் பார்த்தால் அது மிகையும் அன்று.

எடை கூடினால் இன்னொரு கேடும் உண்டு. தூளுக்கும் மேலே நீர் தெளிக்கும் ஷவர் சல்லடைக்கும் நடுவே சிறிது இடைவெளி வேண்டும். அது போதுமா என்றறிய ஒரு சோதனை வழங்கிவருகிறது: இறுக்கிய தூளின்மேல் ஒரு நாணயத்தை வைத்து, மெஷினில் பூட்டிக் கழற்றிப் பார்க்க வேண்டும். நாணயம் தூளில் புதைந்திருந்தால் இட்டது அதிகம். ஒரு ரூபாய்க்கு இன்று கிடைக்கும் பயன்களில் இதுவே தலையாயது.

இனி, நிறுத்த தூளெல்லாம் பாஸ்கெட்டை அடைகிறதா? இல்லை. அரைபடும்போது துகள்கள் மின்னேற்றம் பெற்றுக் கிரைண்டரின் சுவரிலும் மேசையிலும் அப்பிக்கொள்கின்றன. அரைக்குமுன் கொட்டையில் ஒரு துளி நீரைக் கலந்துவிடுவது ராஸ் துளி முறை எனப்படும். இவ்வழக்கம் மூடநம்பிக்கையோ என்று ஐயுற்றவர்க்கு 2023இல் விடை கிடைத்தது. ஆரிகன் பல்கலைக்கழகத்து வேதியியலர் கிறிஸ்டோஃபர் ஹெண்டனும், எரிமலைச் சாம்பலில் மின்னல் உண்டாவதை ஆராயும் அறிஞர்களும் கூடிச் செய்த ஆய்வு, ஈரம் அந்த மின்னேற்றத்தைத் தணிக்கிறது என்று காட்டியது. எரிமலையை ஆராய்ந்தோர் கிரைண்டருக்கு வந்தது இறக்கமா ஏற்றமா என்பதைப் படிப்போர் முடிவுக்கு விட்டுவிடுகிறோம்.

பரப்பியல்

கிரைண்டர் தூளைக் குவியலாகவும் கட்டியாகவும் கொட்டும். கட்டியுள்ள இடத்தில் படுகை நெருங்கியும், இல்லாத இடத்தில் நெகிழ்ந்தும் இருக்கும். நீருக்கு நேர்மை என்பது இல்லை. எளிய வழி எதுவோ அதில் பாயும். அப்படிப் பாயும் தடத்துக்கு இத்துறையில் சேனலிங் என்று பெயர். தடத்தருகே உள்ள தூள் அளவுக்கு மீறிப் பிழியப்பட்டுக் கசக்கும். மற்ற இடத்துத் தூள் முழுதும் கரையாமல் புளிக்கும். ஒரே மிடற்றில் புளிப்பும் கசப்பும் தெரிந்தால், அது கொட்டையின் குற்றம் அன்று, பரப்பியற் குற்றம்.

அடியில் தட்டில்லாத போர்ட்டாஃபில்டர் இக்குற்றத்தை ஒளிவுமறைவின்றி அறிவிக்கும். படுகை சமமாயின் காபி பல துளிகளாகத் தோன்றி நடுவே கூடி ஒற்றை விழுதாக இறங்கும். சேனலிங் ஏற்பட்டால் ஒரு மெல்லிய தாரை பக்கவாட்டில் பீறிட்டுச் சட்டையில் பதியும். வெள்ளைச் சட்டை அணிந்து ஆய்வு செய்வோர்க்குத் தரவு தெளிவாகக் கிட்டும்.

இதற்கு மருந்தாக ஜான் வைஸ் என்பவர் 2005இல் ஒரு முறையை முன்வைத்தார். தயிர்க் கிண்ணம் ஒன்றின் அடியை வெட்டிப் பாஸ்கெட்டின்மேல் புனலாகப் பொருத்தி, உள்ளே ஊசியால் தூளைக் கிளறுவதே அது. பின்வந்தோர் அக்குபங்சர் ஊசிகளை வைன் பாட்டில் கார்க்கில் குத்திப் பயன்படுத்தினர். ஊசி மெலிந்திருக்க வேண்டும். பல்குத்தும் குச்சி போலத் தடித்ததாயின் கட்டியை உடைக்காமல் படுகையில் உழவு ஓட்டிவிடும். அடிவரை கிளறுக, மேலே மட்டும் கிளறுவோர் கண்ணுக்குச் சமமான தூளையும் நாக்குக்குச் சமமற்ற காபியையும் பெறுவர்.

அழுத்தியல்

இனி நூலுக்குப் பெயர் தந்த இயல். 30 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 13.6 கிலோ விசையில் இறுக்க வேண்டும் என்பது நெடுநாள் வழங்கிய விதி. இதைக் கைக்குப் பழக்க, உடல் எடை பார்க்கும் மெஷினைச் சமையல் மேடையில் ஏற்றி அதன்மேல் டேம்ப்பரை ஊன்றிப் பயின்றோர் உண்டு. குறித்த விசை எட்டியதும் 'க்ளிக்' என்று ஒலிக்கும் வில் டேம்ப்பரை விலைகொடுத்து வாங்கியோரும் உண்டு. இவர்களை இறுக்கர் என்போம்.

இறுக்கர் கொள்கையைக் கணக்கில் இட்டுப் பார்ப்போம். 58 மில்லிமீட்டர் வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 26.4 சதுர சென்டிமீட்டர். அதன்மேல் 9 பார் அழுத்தம் ஏறினால் வரும் மொத்த விசை 240 கிலோவுக்குக் குறையாது. ஆய்வாளர் தோள்வலிக்க 13.6 கிலோவில் இறுக்கிவிட்டு நகர்கிறார். பின்னால் வரும் நீர் 240 கிலோவோடு ஏறி உட்காருகிறது. முன்னவர் 12 கிலோவில் இறுக்கினாரா 15 கிலோவிலா என்று அது விசாரிப்பதில்லை.

கடா: அவ்வாறாயின் கையால் பயனே இல்லையோ?

விடை: உண்டு. துகளிடைக் காற்றை வெளியேற்றுவதும், நீர் வரும்வரை படுகை குலையாமல் காப்பதும் கையின் தொழில். தூள் இனி இறங்காது என்று டேம்ப்பர் நின்றுவிடும் இடத்தில் அத்தொழில் முடிந்தது. அதன்பின் தரும் விசை மேடைக்கே போகும்.

கடா: அப்படியானால் கையை எதற்குப் பழக்குவது?

விடை: மட்டத்துக்கு. படுகையின் தடிப்பு 12 மில்லிமீட்டர் என்று கொள்க. டேம்ப்பர் சாய்ந்து ஓர் ஓரத்துக்கும் மறு ஓரத்துக்கும் 1 மில்லிமீட்டர் வேறுபாடு நேர்ந்தால், ஒருபுறம் 11.5, மறுபுறம் 12.5. தடிப்பில் எட்டு விழுக்காட்டுக்கும் மேல் பேதம். டார்சியின் விதிப்படி நீர் மெலிந்த பக்கத்தையே நாடும். மணிக்கட்டை நேராக்கி, முழங்கையை டேம்ப்பருக்கு நேர்மேலே நிறுத்துவது அழகுக்காக அன்று.

இறுக்கிய பின் போர்ட்டாஃபில்டரின் பக்கத்தில் டேம்ப்பரால் ஒரு தட்டுத் தட்டுவோர் தட்டர். ஓரத்தில் ஒட்டிய தூள் உதிரட்டும் என்பது அவர்கள் கருத்து. உதிர்வதோடு சுவரை விட்டுப் படுகையும் பிரியும். பிரிந்த விளிம்பில் நீர் ஓடும். இறுதியில் டேம்ப்பரைத் திருகி மெருகேற்றுவோர் திருகர். தூள் பளபளக்கும், பளபளப்பை நீர் பொருட்படுத்துவதாகத் தெரியவில்லை. காபி வடிந்த பின் எஞ்சும் சக்கையை, அதாவது பக்கைத் தட்டிப் போட்டு அதன் ஈரத்தையும் ஓட்டையையும் கொண்டு பலன் உரைப்போரும் உளர். அவர்களுக்குத் தனி நூல் வேண்டும். பஞ்சாங்கத்தோடு சேர்த்து அச்சிடலாம்.

முடிபு

விசைக்கு மேல் நாற்காலிகளில் இருப்பவர் யார்? முதலாமவர் அரைப்பின் மென்மை. படுகை இயற்பியலில் துகளின் விட்டம் பாதியானால் நீர் புகும் இயல்பு ஏறத்தாழ நாலில் ஒன்றாகச் சுருங்கும். கிரைண்டர் சக்கரத்தின் ஒரு சிறு திருப்பம் செய்வதை எந்தப் புயவலியாலும் செய்ய இயலாது. அதற்காக மாவாக அரைப்பதும் தகாது. ஹெண்டன் குழுவினர் 2020இல் வெளியிட்ட ஆய்வின்படி, மிக மென்மையாக அரைத்தால் படுகையின் சில பகுதிகள் அடைபட்டு ஓட்டம் சீர்குலையும். சற்றுக் கொரகொரப்பாக அரைத்து, தூளையும் குறைத்துக்கொண்டால் ஷாட்டுகள் ஒன்றுபோல் அமையும். இரண்டாமவர் எடை. மூன்றாமவர் பரப்பு. நான்காமவர் மட்டம். விசை ஐந்தாமவர்.

அப்படியிருக்க, மாலை ஏன் ஐந்தாமவருக்கு? அரைப்பது மெஷின், நிறுப்பது தராசு, கிளறுவது ஊசி, வடிப்பது பம்பு. ஆய்வாளரின் கைக்கு ஏதோ செய்தோம் என்ற உணர்வு கிட்டுவது இறுக்கும்போது மட்டுமே. உழைப்பு தெரியும் இடத்தில்தான் காரணமும் இருக்கும் என்று மனம் முடிவுகட்டிவிடுகிறது. இதைக் காபிக்கு மட்டும் உரிய குறை என்று கருத வேண்டாம்.

விதி இது: எடையை மாற்றாதே, கிளறுவதை மாற்றாதே, மட்டத்தை மாற்றாதே, நிற்கும்வரை இறுக்கி நிறுத்து. இவை நான்கும் நிலைத்தபின், ஷாட் வேகமாயின் அரைப்பை மென்மையாக்கு, மந்தமாயின் கொரகொரப்பாக்கு. ஒரு நாளில் ஒன்றை மட்டும் மாற்று. இரண்டை மாற்றிவிட்டு எது பலித்தது என்று கேட்பவருக்கு டார்சியாலும் விடை சொல்ல இயலாது.

புறனடை

இந்நூல் பித்தளை ஃபில்டருக்குப் பொருந்தாது. அங்கே பம்பு இல்லை; தூளின்மேல் ஐந்து சென்டிமீட்டர் வெந்நீர் நின்றால், அதன் எடையே அழுத்தம். அது 9 பாரில் ஏறத்தாழ 1,800இல் ஒரு பங்கு. ஃபில்டரின் உள்ளே வரும் குடை தூளைச் சமன்செய்து காக்க வந்ததே அன்றி, வலிந்து இறுக்க வந்தது அன்று. எஸ்பிரெஸோவில் தேறியவர், அக்கைப்பழக்கத்தோடு வீட்டு ஃபில்டரில் கைவைத்து இந்நூல் சொன்னபடி நிற்கும்வரை இறுக்கினால், பத்து மணிக்கு டிகாக்ஷனைக் காண்பார். அதற்கு முன்பே வீட்டாரைக் காண்பார்.