கோட்டைக்குள் ஒரு குளியலறை

ஜெய்சல்மேர் கோட்டைக்குள் குறைந்த வாடகைக்கு அறை கேட்டால், முதலில் காட்டுவது கட்டிலை அல்ல, மொட்டைமாடியை. “வ்யூ பாருங்க சாப்!” மஞ்சள் மணற்கல் வீடுகள், அவற்றுக்கு அப்பால் தார் பாலைவனம். அறைக்கு ஜன்னல் உண்டா என்று கேட்க வந்தது அதற்குள் மறந்துபோகும். படிக்கட்டு செங்குத்து, லிஃப்ட் கிடையாது. சுவர் உதிர்ந்தால் அதுவும் பாரம்பரியக் கணக்கில் சேரும்.

1156இல் ராவல் ஜைசல் எழுப்பிய கோட்டை. தண்ணீரைக் குடத்தில் சுமந்து, சொட்டுச் சொட்டாய்ச் செலவழித்தவர்களின் ஊர். முற்றுகைப் படைகளை நிறையவே பார்த்திருக்கிறது, ஷவரைத்தான் பார்த்ததில்லை. குழாய் வந்தது, பின்னாலேயே விடுதிகள், அறைக்கு அறை குளியலறை. கசிந்த சாக்கடை நீர் அடிமண்ணை ஊறவைக்க, சில கொத்தளங்கள் சரிந்தே விட்டன. 2013இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. விடுதிக்காரர்களுக்குப் பலகையில் எழுத இன்னொரு வரி கிடைத்தது.

அப்படியொரு விடுதியின் வரவேற்பு மேசையில் இரண்டு அட்டைகள். ‘கோட்டையைக் காக்கத் தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்துக’ என்கிறது ஒன்று. பக்கத்திலேயே மற்றது: ‘24 மணி நேரமும் வெந்நீர் உண்டு.’