என்னையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்

அனுப்புநர்: ஒரு கிழவன், பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, புதுச்சேரி.
பெறுநர்: பழைய வீடுகளைக் காத்துவரும் மேன்மைமிகு அதிகாரிகள்.
பொருள்: பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் என்னைச் சேர்த்தல் தொடர்பாக.

ஐயா,

நான் 1951-இல் கட்டப்பட்டேன். அப்போது இந்த ஊரில் பிரெஞ்சுக் கொடி பறந்தது; 1954-இல் ஆட்சி கைமாறியபோது எனக்கு மூன்று வயது. ஆக, காலனிக் காலக் கட்டுமானம் என்ற தகுதி எனக்கு உண்டு. முகப்பு சுமாராக இருக்கிறது. உள்ளே மூட்டுகள் விட்டுப்போயின. பட்டியலில் உள்ள பல வீடுகளின் நிலையும் இதுதான் என்பதால் இதைக் குறையாகக் கொள்ள மாட்டீர்கள்.

போன ஐப்பசி மழையில் எங்கள் மெட்ராஸ் தளம் ஒழுகியது. தேக்கு உத்தரங்களின் மேல் செங்கல்லைச் சரித்து அடுக்கி, சுண்ணாம்புக் காரை போட்டுக் கட்டையால் அடித்த தளம். சிமெண்ட் பூசலாமா என்று ஓர் அலுவலகத்தில் கேட்டேன். கூடாது என்றார்கள். நியாயம்தான், சிமெண்ட் பூசினால் பழைய சுவர் மூச்சுவிடாது, ஈரம் உள்ளேயே தங்கிவிடும். சரி, சுண்ணாம்பை நாள்கணக்கில் புளிக்கவைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டு அரைக்கத் தெரிந்த கொத்தனார் எங்கே, அவருக்குக் கூலி யார் தருவது என்றேன். அது வேறு பிரிவாம். மழைக்குப் பிரிவெல்லாம் தெரியவில்லை, எல்லா அறையிலும் ஒழுகியது.

கடற்கரையில் நின்ற மேரி என்ற பழைய நகராட்சிக் கட்டடத்துக்கும் இதே கதிதான். 2014 நவம்பர் மழையில் சரிந்து விழுந்தது. பிறகு அதே உருவத்தில் புதிதாகக் கட்டி நிறுத்தினார்கள். எனக்கும் அப்படி ஓர் ஏற்பாடு உண்டென்றால் நிம்மதியாகப் படுத்துவிடுவேன்.

எங்கள் தெரு வீடுகளில் சில கீழே தமிழ், மேலே பிரெஞ்சு. தரையில் திண்ணை, தாழ்வாரம், முற்றம்; மாடியில் வளைவு சன்னலும் தூண்களும். பக்கத்து வீடு அப்படித்தான். அதில் இருந்த சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர், போய்ச் சேர்ந்தார், பிள்ளைகள் பாரிசில். இப்போது அது விடுதி. வடகம் காய்ந்த முற்றத்தில் நீலத் தண்ணீர். அதில் யாரோ மிதக்கிறார்கள். முகப்பு அப்படியே இருக்கிறது, குறை சொல்ல ஏதுமில்லை. ஆள்கள்தான் இல்லை. அவர்கள் முகப்பில் சேர்த்தி இல்லையே!

1761-இல் ஆங்கிலேயர் இந்த ஊரை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். அதற்கு அவர்களுக்கு முற்றுகை, படை, பீரங்கி எல்லாம் வேண்டியிருந்தது. பாவம், மனை விலை என்று ஒன்று இருப்பது தெரியாத காலம்.

சனிக்கிழமை காலையில் எங்கள் திண்ணைக்குக் கல்யாண ஜோடிகள் படம் எடுக்க வருகிறார்கள். முதல் ஜோடியின் கேமராக்காரர், “தாத்தா, கொஞ்சம் உள்ள போங்க, ஃபிரேம்ல வர்றீங்க” என்றார். போனேன். அடுத்து வந்தவர் கதவைத் தட்டி, “தாத்தா, நீங்க உக்காந்தாதான் ஒரு லுக்கு. அந்த பனியன் வேணாம், வேட்டி சட்டையில வாங்க” என்றார். அப்போதுதான் புரிந்தது, நானும் முகப்பாகிவிட்டேன் என்று.

ஆகவே என் விண்ணப்பம்: பட்டியலில் ஏற்றி, மாதம் ஒரு தொகையும் வருடம் ஒரு சுண்ணாம்பு அடிப்பும் ஒதுக்கவும். பதிலுக்குக் காலை ஆறு முதல் ஒன்பது வரை திண்ணையில் அமர்ந்து பேப்பர் படிக்கிறேன், போகிறவர்களை “என்ன, சாப்டாச்சா?” என்று கேட்கிறேன், கீரைக்காரம்மாவிடம் பேரம் பேசுகிறேன். இந்தப் பேட்டையின் குணம் என்று நீங்கள் மலர்களில் அச்சிடுவது பெரும்பாலும் இதைத்தான்.

ஓர் உண்மையையும் சொல்லிவிடுகிறேன். கள ஆய்வுக்கு வந்தால் திண்ணைக்குக் கம்பிக் கதவு போட்டுப் பூட்டியிருப்பதைப் பார்ப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை இரவு முடிந்தால் திங்கள் காலை பீர் பாட்டில் பொறுக்கி எனக்கு இடுப்பு போயிற்று. என் தாத்தா வழிப்போக்கன் படுக்கட்டும் என்று கட்டிய திண்ணைக்குப் பூட்டுப் போட்டவன் நான்தான். அதற்கு மட்டும் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. யாரும் என்னைக் கேட்கவும் இல்லை.

மணியை அடியுங்கள். சாவி என் இடுப்பில்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
பட்டியலில் இல்லாதவன்