ஏழு மீடியம், ஒரே புத்தர்

பொழுதுபோக்கு ஓவியர்களில் ஒரு வகையினரை, அவர்கள் வரைந்த படங்களை வைத்து அடையாளம் காண முடியாது. வாங்கி வைத்த சாமான்களை வைத்துத்தான் காண வேண்டும். பரணில் மடக்கிப் போட்ட ஈசல், வாய் இறுகிப்போன அக்ரிலிக் ட்யூப்கள், முதல் மூன்று பக்கம் மட்டும் நிறைந்த ஸ்கெட்ச் புக்குகள், பாதி தீர்ந்த ரெசினும் அதனுடன் கலந்திருக்க வேண்டிய, சீல் உடைக்காத ஹார்ட்னரும். இத்தனையும் ஒரே வீட்டில் இருந்தால் அங்கே அவர் வசிக்கிறார். "இப்ப என்ன சார் வரையறீங்க?" என்று கேட்டால் எதை வரைகிறார் என்று சொல்லமாட்டார். "ரெசின்ல எக்ஸ்பெரிமென்ட் பண்ணிட்டிருக்கேன்" என்பார். ஊர் இவரை நிலையில்லாதவர் என்கிறது. வீடு காசைக் கரைப்பவர் என்கிறது. இரண்டும் அவசரத் தீர்ப்புகள். இவரைப் போல ஒரே பிடியாக நிற்பவர் அபூர்வம். மாற்றுவது மீடியத்தை மட்டும்தான். அதன் மூலம் மாறாமல் காப்பாற்றி வருவது தன் கையை.

எப்படியென்றால், ஒவ்வொரு மீடியமும் தன்னைத் தொடுபவருக்குக் கொஞ்ச காலம் சாக்கு சப்ளை செய்கிறது. வாட்டர் கலரில் படம் கெட்டால் பழி காகிதத்துக்கு. சாதாரண டிராயிங் தாள் ஈரத்தில் அலை அலையாக எழும்பும் என்பது உண்மைதான். ஆகவே 300 ஜிஎஸ்எம் பருத்தித் தாள் வீட்டுக்கு வருகிறது. அதன்மேலும் மூக்கு கோணும்போது சாக்கு தீர்ந்துபோகிறது, உடனே அக்ரிலிக். அது நிமிடங்களில் காய்ந்துவிடும் என்பதால் சாயலைக் குழைத்துச் சேர்க்க அவகாசமில்லை என்று புகார் சொல்லலாம். அடுத்து ஆயில். அது நாள்கணக்கில் காயாது என்பதால் எதிர்ப்புகாரும் சொல்லலாம். டர்பன்டைன் வாடை வேறு வீட்டில் உள்ளவர்களையே அவருக்குச் சாட்சியாக்கிவிடும். ஐபேடில் மட்டும்தான் சாக்கு சொல்வது சிரமம். காகிதம் சுருங்காது, சாயம் காயாது, தவறை ஒரு தட்டில் அழிக்கலாம். அதனால்தான் பலர் அங்கிருந்து சீக்கிரம் கிளம்பி, குமிழி வந்தது, தூசி விழுந்தது, மழைக்காலத்தில் சரியாக இறுகவில்லை என்று தாராளமாகக் காரணம் வழங்கும் ரெசினுக்குப் போய்ச் சேருகிறார்கள். அவர் ஒரு மீடியத்தைக் கைவிடும் தருணத்தைக் கவனித்தால் போதும். அலுப்பினால் விடுவதில்லை. குற்றம் பொருளுடையது அல்ல என்று தெரியத் தொடங்கும் வாரத்தில் விடுகிறார்.

இதற்குச் சாட்சியம் சொந்தக்காரர்கள் வீட்டுச் சுவர்களில் தொங்குகிறது. அவர் தன் படங்களைக் கிரகப்பிரவேசங்களுக்குத்தான் கொடுப்பார். ஆகவே தாம்பரம், போரூர், அம்பத்தூர் என்று வீடு குடிபோன வரிசையில் சுற்றி வந்தால் அவருடைய கலைவரலாறு முழுவதையும் பார்த்துவிடலாம். எல்லா வீட்டிலும் புத்தர் முகம்: வாட்டர் கலர் புத்தர், அக்ரிலிக் புத்தர், ஆயில் புத்தர், காபி டிகாக்‌ஷன் புத்தர், ஐபேட் புத்தர், கடலலைக்கு நடுவே மிதக்கும் ரெசின் புத்தர். தஞ்சாவூர் பாணி வகுப்பில் எல்லோரும் வெண்ணெய்க் கிருஷ்ணனை வரைய, இவர் மட்டும் பலகையில் துணி ஒட்டி, மக்கு வைத்து, கல் பதித்து, தங்க ரேக் ஒட்டி, புத்தரையே எழுந்தருளச் செய்தார். ஏழிலும் புத்தரின் இடது கண் வலது கண்ணைவிடச் சற்று மேலே இருக்கிறது. ஒரு நல்ல பரிசோதனைக்கு என்ன இலக்கணம்? மற்றதையெல்லாம் அப்படியே வைத்து ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது. பொருள் புத்தர், கை அவருடையது, மாறியது மீடியம் ஒன்றே. விஞ்ஞானிகள் மெச்சக்கூடிய ஒழுங்கு இது. முடிவும் ஐயத்துக்கு இடமின்றி வந்துவிட்டது: கண் மேலேறுவதற்குச் சாயம் காரணமல்ல. பரிசோதனையில் குறை ஒன்றுமில்லை. அதன் முடிவைப் படிக்க ஆளில்லை, அவ்வளவுதான்.

பெரிய ஓவியர்கள் மீடியம் மாற்றவில்லையா என்று அவர் தரப்பில் கேட்பார்கள். மாற்றினார்கள். மத்தீஸ் 1941-இல் பெரிய அறுவைச் சிகிச்சைக்கு ஆளாகி, நின்று வரைவது கடினமானபின், வண்ணம் பூசிய காகிதத்தைக் கத்தரிக்கோலால் வெட்டிப் படமாக்கினார். நம் ஆதிமூலம் கறுப்பு மைக் கோடுகளில் காந்தியை வரிசையாக வரைந்து பெயர் பெற்றவர். பின்னாளில் ஆயிலில் வண்ண அரூபங்களுக்குப் போனார். ஆனால் பல்லாண்டு கோடு போட்டுத் தேர்ந்த கை அது. கத்தரிக்கோலைப் பிடித்தபோதும் மத்தீஸின் கை மத்தீஸின் கைதான். இருப்பதை எடுத்துக்கொண்டு போவதும் இல்லாததை மறைக்கப் போவதும் ஒரே பயணம் ஆகாது. 1966-இல் ஓவியர் பணிக்கர் தலைமையில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் குடியேறியவர்கள் பாத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் செய்து விற்றார்கள். படம் வரைய நேரமும் காசும் வேண்டும் என்பதற்காக அந்த வேலை. நம் அன்பரிடம் இது தலைகீழ்: பாத்திக் கிட் வாங்க வேண்டும் என்பதற்காகப் படம் வரைவது.

வயதான பிறகு விளையாட்டாகத் தொடங்கியவர்தானே தாகூர் என்ற கேள்வி இன்னும் வலுவானது. அறுபதுகளில்தான் அவர் ஓவியத்தில் முழுமூச்சாக இறங்கினார். 1930-இல் பாரிஸில் கண்காட்சி நடந்தது. மிஞ்சிய ஆண்டுகளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள். ஆனால் அவர் எங்கே தொடங்கினார் என்று பார்க்க வேண்டும். கையெழுத்துப் பிரதியில் தானே அடித்துத் திருத்திய இடங்களை உற்றுப் பார்த்து, அந்தக் கிறுக்கல்களை இணைத்துப் பறவையும் விலங்குமாக வளர்த்தார். தன் அடித்தல் திருத்தலை முறைத்துப் பார்க்கும் துணிவு அவருக்கு இருந்தது. நம் அன்பருக்கு அடித்தல் கண்ணில் பட்டதுமே புதுப் பேனா வாங்கத் தோன்றுகிறது.

பொழுதுபோக்குக்கு இத்தனை விசாரணையா என்றால், நியாயம். விளையாடுகிறேன் என்று அவர் சொல்லியிருந்தால் எழுபது மீடியத்தில் விளையாடட்டும், கேட்க யாருக்கும் உரிமையில்லை. பரிசோதனை என்று அவரே சொல்வதால்தான் முடிவைக் கேட்கிறோம். அவரால் நன்மையும் உண்டு. கண்காட்சியில் வாட்டர் கலர் வானம் ஒன்றின்முன் நின்று, "இதை என் பையனே போடுவான்" என்று சொல்லாத பார்வையாளர் அவர் ஒருவர்தான். திட்டின்றி அந்த நீலத்தைப் பரப்புவது எவ்வளவு கடினம் என்று, மூன்று தாள்களை வீணாக்கிய அளவுக்காவது அவருக்குத் தெரியும். ஆகவே இந்த இனம் அழியக் கூடாது. ஒரே ஒரு யோசனை சொல்லலாம்: படத்தைக் கண்ணாடியில் காட்டிப் பார்ப்பது. டாவின்சியே ஓவியர்களுக்குச் சொன்ன உபாயம் அது. இடம் வலமாகத் திரும்பியதும், பழகிய கண்ணுக்குத் தெரியாத கோணல் பளிச்சென்று தெரிந்துவிடும். செலவும் இல்லை. ஆனால் அவரிடம் இதைச் சொல்வதில் ஆபத்து இருக்கிறது. கண்ணாடி என்று காதில் விழுந்ததுமே, தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியம் கற்றுத்தரும் இடத்தை விசாரிக்கத் தொடங்கிவிடுவார். அதில் கண்ணாடியின் பின்பக்கம் வரைந்து முன்பக்கம் பார்க்க வேண்டும். படம் இடவலம் மாறித் தெரியும். எட்டாவது புத்தருக்கு வலது கண் மேலேறியிருக்கும். இடது கண் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார்.