வாயிற்காவல் இயல்: கராஜ் ராக் ரசிகர் குலம் குறித்த ஓர் ஆராய்ச்சி

இவ்வாராய்ச்சி என் நுதலிற்றோ எனின், கராஜ் ராக் என்னும் இசையில் திளைப்போர், அதே இசையைத் தேடி வரும் பிறரை என்ன காரணம் பற்றி, எவ்வளவு விரைவாக வாசலிலேயே திருப்பி அனுப்புகிறார்கள் என்பதை உணர்த்துதல் நுதலிற்று. பயன் யாதோ எனின், யாதுமில்லை. முனைவர் பட்ட ஆய்வுகள் பலவற்றுக்கும் இது பொருந்துமாதலால் குற்றமன்று.

முதற்கண் பொருளின் வரலாறு. 1964 பிப்ரவரி 9 அன்று எட் சல்லிவனின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பீட்டில்ஸ் வாசித்ததை அமெரிக்காவில் ஏறத்தாழ 7 கோடியே 30 லட்சம் பேர் பார்த்தார்கள். அவர்களில் மீசை அரும்பிய பையன்களுக்கெல்லாம் மறுநாளே ஒரு கிடார் தேவைப்பட்டது. பிறகு ரோலிங் ஸ்டோன்ஸ் வந்தார்கள். பையன்கள் முடியை இன்னும் கொஞ்சம் வளர்த்தார்கள். அமெரிக்கக் கறுப்பின இசைஞர்களின் தட்டுகளைக் கேட்டு இங்கிலாந்துக்காரர்கள் வாசித்ததை, அமெரிக்கப் பையன்கள் கேட்டு, அப்பாவின் கார் நிற்குமிடத்தில் மறுபடி வாசித்தார்கள். உள்ளூர்க் கம்பெனி ஒன்று சில நூறு பிரதிகள் தட்டு போட்டுக் கொடுத்தது. பள்ளிக்கூட நடன நிகழ்ச்சிகளில் நாலு முறை கைத்தட்டல் கிடைத்தது. பின்னர் சிலர் கல்லூரிக்கும் சிலர் வியட்நாமுக்கும் மற்றவர்கள் வேலைக்கும் போக, குழு கலைந்தது. இவர்களில் எவரும் புகழ் வேண்டாமென்று துறவு பூண்டவரல்லர். அந்த மாதத்து மோஸ்தரை விடாமல் துரத்தி, பாதி வழியில் மூச்சிரைத்து உட்கார்ந்தவர்கள். வாயிற்காப்போர் மறைக்க விரும்பும் முதல் உண்மை இது.

அடுத்து நூல் மரபு. 1972-ல் லென்னி கே தொகுக்க, எலெக்ட்ரா வெளியிட்ட ‘நக்கெட்ஸ்’ என்னும் இரட்டைத் தட்டு, மறந்துபோன 27 பாடல்களைத் திரட்டித் தந்தது. எழுபதுகளின் கடைசியில் ‘பெபிள்ஸ்’ வரிசை இன்னும் கொஞ்சம் ஆழமாகத் தோண்டியது. 1983-ல் டிம் வாரனின் கிரிப்ட் கம்பெனி தொடங்கிய ‘பேக் ஃப்ரம் தி கிரேவ்’ வரிசை அடிப்பாறையையே தொட்டது. மூன்றாவதை அறிந்தவர், முதலாவதை மட்டும் அறிந்தவரைக் கண்டால் மெல்லப் புன்னகைப்பார். வரவேற்கும் புன்னகை என்று அதை எண்ணிவிடக் கூடாது. ‘நக்கெட்ஸ்’ தொகுப்பில் வெற்றிப் பாடல்கள் இருக்கின்றன என்பதே அவருடைய குற்றச்சாட்டு. அதிலுள்ள கவுன்ட் ஃபைவ் குழுவின் ‘சைக்காட்டிக் ரியாக்‌ஷன்’ 1966-ல் தேசியப் பட்டியலில் 5-ஆம் இடம் வரை போயிருக்கிறது. பலருக்குப் பிடித்த பாட்டில் ஏதோ கோளாறு இருந்தே தீரும்.

இதிலிருந்து நாம் பெறும் விதி: ஒரு தட்டின் மதிப்பு, அதைக் கேட்டோர் எண்ணிக்கைக்கு எதிர்விகிதத்தில் அமையும். அப்படியானால் எவருமே கேட்காத தட்டுக்கு மதிப்பு எல்லையற்றதாகுமே, அது நன்றாக இருக்கிறதா என்று யார் சொல்வது என வினவின், அவ்வினா எழாது. நன்றாக இருப்பது இத்துறையில் ஒரு தகுதியாகக் கருதப்பட்டதில்லை.

விதிக்குச் சோதனையாக வந்தது ‘96 டியர்ஸ்’. மிச்சிகன் மாநிலத்தில் குடியேறிய மெக்சிகோ வழிக் குடும்பத்துப் பிள்ளைகள் பாடிய பாட்டு. குழுவின் தலைவர் தம் பெயரையே கேள்விக்குறியாக மாற்றிக்கொண்டவர். 1966-ல் அது அமெரிக்காவின் முதலிடத்தைப் பிடித்தது. விதிப்படி இது மதிப்பற்ற பாட்டு. காதுப்படி அருமையான பாட்டு. வாயிற்காப்போர் இடருக்குள்ளானார்கள். பிறகு தீர்வு கண்டார்கள்: கேமியோ கம்பெனி நாடெங்கும் விற்ற தட்டு பாமரர்க்குரியது, அதற்குமுன் பா-கோ-கோ என்ற சிறு கம்பெனி போட்ட தட்டே மெய்யானது. இரண்டிலும் ஒலிப்பது ஒரே பாட்டுத்தானே என்று கேட்பவர் நடுவட்டக் காகிதத்தைப் பார்க்கத் தெரியாதவர்.

இனி ஒலி. கிடாரைக் கரகரக்க வைக்கும் மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்ற பெட்டியை கிப்சன் நிறுவனம் 1962-ல் கொண்டுவந்தது. வாங்குவார் அதிகமில்லை. 1965-ல் ‘சாட்டிஸ்ஃபாக்‌ஷன்’ பாட்டில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ் அதை வாசித்தது, பின்னால் அந்த இடத்தில் ஊதுகருவிகளைச் சேர்க்கலாம் என்ற உத்தேசத்தில் போட்ட மாதிரி வரைவாக. கம்பெனி அப்படியே வெளியிட்டுவிட்டது, பெட்டிகள் பறந்தன. ஒரு குலமே புனிதமெனப் போற்றும் ஒலி, ஊதுவோர் வரும்வரை இடம் பிடித்து வைத்த துண்டு.

பெயரியலிலும் ஒன்று சொல்ல வேண்டும். இசைஞர் பில்லி சைல்டிஷ் தம் குழுக்களுக்கு ‘தீ மைட்டி சீசர்ஸ்’, ‘தீ ஹெட்கோட்ஸ்’ என்று பெயரிட்டபோது, ஆங்கில ‘தி’ என்பதற்கு ஓர் எழுத்து கூட்டிப் பழைய முறையில் எழுதினார். அவருக்கு முன்பே அறுபதுகளில் கிழக்கு லாஸ் ஏஞ்சலஸின் மிட்னைட்டர்ஸ் செய்ததுதான். இன்று அந்த ஓரெழுத்து ரேஷன் அட்டைக்கு நிகரான குடியுரிமைச் சான்று. பிறப்பிடச் சான்று மட்டும் தளர்வானது: பாஸ்டன் நகரைத் தம் ஊரென்று பாடும் ‘டர்ட்டி வாட்டர்’ பாட்டைப் பாடிய ஸ்டாண்டெல்ஸ் லாஸ் ஏஞ்சலஸ்காரர்கள். பாஸ்டன்காரர்கள் கோபிக்கவில்லை, ரெட் சாக்ஸ் பேஸ்பால் அணி சொந்த மைதானத்தில் ஜெயிக்கும்போதெல்லாம் இன்றும் அதைத்தான் போடுகிறார்கள். ஊர்க்காரர்களுக்கு ரசிகர்களைவிடப் பெரிய மனது.

பெருந்துயரம் நிகழ்ந்தது 2001-ல். டெட்ராய்ட்டின் ஒயிட் ஸ்ட்ரைப்ஸ் அவ்வாண்டு வெளியிட்ட மூன்றாவது தட்டு உலகெங்கும் பரவியது. நியூயார்க்கிலிருந்து ஸ்ட்ரோக்ஸ், ஸ்வீடனிலிருந்து ஹைவ்ஸ் எனப் பத்திரிகைகள் கொண்டாடின. முன்பதிவில்லாப் பெட்டியில் ‘கொஞ்சம் தள்ளி உட்காருங்க’ என்று கெஞ்சி ஏறியவர், அடுத்த ஸ்டேஷனில் உள்ளிருந்து கதவைத் தாழிடுவாரே, அக்காட்சி டெட்ராய்ட்டில் அரங்கேறியது. அதே ஊரில் கோரீஸ் குழு எண்பதுகளிலேயே பாஸ் கிடார்கூட இல்லாமல் வாசித்ததை அறிந்தவர் உள்ளே, அறியாதவர் நடைமேடையில். அறிந்தவர்களிலும் எந்த ஆண்டில் அறிந்தீர் என்பது துணைவினா. சரியான விடை எதுவானாலும், கேட்பவர் ஓராண்டு முன்னதாகவே அறிந்திருப்பார்.

2002-ல் இசைஞர் ஸ்டீவன் வான் ஸான்ட் ‘அண்டர்கிரவுண்ட் கராஜ்’ என்ற வானொலி நிகழ்ச்சியைத் தொடங்கினார். பின்னர் அது முழுநேர அலைவரிசையாகிச் செயற்கைக்கோள் வழியே நாடெங்கும் பொழிந்தது. தலைமறைவு இசைக்கு வான்மழை! வாயிற்காப்போர் எதைத்தான் காப்பது?

என் கணிப்பு வேறு. வாயிற்காவல் அவ்வளவு பொல்லாததும் அன்று. எவருக்கும் வேண்டாத தட்டுகளைப் பழைய பொருள் கடைகளின் பெட்டிகளிலிருந்து முதுகு ஒடியப் பொறுக்கி எடுத்தவர்கள் இந்தச் சிடுமூஞ்சிகளே. அவர்கள் இல்லையேல் தொகுப்பு இல்லை. தொகுப்பு இல்லையேல் நுழைய வாசலே இல்லை. ஆனால் தாம் மீட்டுத் தந்த பையன்கள் தம்மைப்போல் இருந்திருப்பார்கள் என்று நம்புகிறார்களே, அங்கேதான் ஆய்வாளனுக்குச் சிரிப்பு வருகிறது.

சோனிக்ஸ் விவகாரம் இதற்குச் சான்று. வாஷிங்டன் மாநிலத்து டகோமாக்காரர்கள். 1965-ல் வந்த அவர்களின் முதல் நீள்தட்டு இக்குலத்தின் ஆதிநூல்களுள் ஒன்று. 2007-ல் புரூக்லினில் நடந்த கேவ்ஸ்டாம்ப் விழாவில் மீண்டும் மேடையேறினார்கள். 2015-ல் புதிய தட்டே போட்டார்கள். பழைய ஒலி வேண்டுமென்று ஒற்றைத்தட ஒலிப்பதிவாக அதைச் செய்துதரத் தேடிப்பிடித்த ஆள் ஜிம் டயமண்ட். ஒயிட் ஸ்ட்ரைப்ஸின் முதல் தட்டுகளில் பணியாற்றிய டெட்ராய்ட்காரர். மோஸ்தரை உண்டாக்கியவரிடமே மூதாதையர் வந்து நின்றதில் அவர்களுக்கு எந்தச் சங்கடமும் இருந்ததாகத் தெரியவில்லை. தட்டும் உறுமிக்கொண்டு வந்தது. வாயிற்காப்போர் அட்டையைத் திருப்பிப் பெயர்களை எண்ணினார்கள்: பழைய ஐவரில் மூவர்தான் இருந்தார்கள்.