டீ ஆறுவதற்குள் திரை வருமா?

கேள்வி: பத்து வருஷத்து டெஸ்க்டாப். ஆன் பண்ணிவிட்டு டீ போட்டுக் குடித்து, டம்ளரைக் கழுவி வைத்தாலும் திரை வருவதில்லை. எடைக்குப் போட்டுவிடலாமா?

பதில்: டம்ளர் சுத்தமாகிறதே, அந்த மட்டும் லாபம்!

எடைக்காரரைக் கூப்பிடுமுன் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் 'டிஸ்க்' 100 சதவீதத்திலேயே உட்கார்ந்திருந்தால், பெரும்பாலும் குற்றவாளி பிராசஸர் அல்ல, ஹார்டு டிஸ்க். அதற்குள் தட்டு நிமிடத்துக்கு 7200 தடவை சுழல, ஒரு குட்டிக் கை ஒவ்வொரு ஃபைலுக்கும் இங்கும் அங்கும் ஓடித் தேடுகிறது. நொடிக்கு நூறு, நூற்றைம்பது இடங்களைத் தொட்டாலே பெரிது. அதற்குப் பதில் எஸ்எஸ்டி என்ற சேமிப்பகத்தைப் போட்டால், அதில் சுழலவும் ஒன்றுமில்லை, ஓடவும் ஒன்றுமில்லை. பல்லாயிரம் இடங்களைத் தொட்டுவிடும். சாட்டா வகை எஸ்எஸ்டி என்றால் பழைய சாட்டா கேபிளிலேயே மாட்டலாம்.

ரேம் 4 ஜிபி என்றால் 8 ஆக்கலாம். ஆனால் டிடிஆர்3, டிடிஆர்4 என்ற ரேம் வகைகளுக்கு நடுவெட்டு இருக்கும் இடம் வேறு. மாற்றி வாங்கினால் நுழையாது. (நுழைக்க முயன்று போர்டை உடைத்தவர்கள் உண்டு.)

அரை மணியில் தானே அணைந்தால், ஹீட் சிங்க்கில் தூசி மெத்தை விரித்திருக்கும். தேதி பழைய வருஷத்துக்கே ஓடினால் போர்டிலுள்ள சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருக்கும், காசு அளவுதான்.

நெருடல் ஒன்றுண்டு. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. இந்த வயதுப் பெட்டியை விண்டோஸ் 11 வாசலிலேயே நிறுத்திவிடும். அதற்கு மாற்றான லினக்ஸ் மின்ட் இயங்குதளம் வயது கேட்பதில்லை.